நான் எழுதிய குறட்டை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பெரிய பொய் இல்லை. ஒரே ஒரு குறட்டை. விட்டவர் யாருமில்லை, எழுதியவன் மட்டும் நான்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: ‘அட்டைப்பெட்டி அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் மனிதவள அலுவலர் ஒருவர் இருந்தார். நேர்மையானவர், இலக்கிய—’

(அடித்துவிட்டேன். ‘ஒருவர்’ என்று எழுதினால் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அந்த ஒருவர் நான்தான். இலக்கியத்துக்கும் எனக்கும் உள்ள உறவு, பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய பதினேழு கதைகள்.)

2

மருந்துப் பெட்டிகளில் அச்சுப்பிழை பார்ப்பவர் லென்ஸ் அக்கா. ஒரு புள்ளி நகர்ந்திருந்தாலும் பிடித்துவிடுவார், அதனால் அந்தப் பெயர். பத்தொன்பது வருட சர்வீஸ். ஒருநாள் மத்தியானம் மூன்று மணிக்கு அவர் மேசையில் தலை சாய்த்திருந்ததை சூப்பர்வைசர் பார்த்து, முதலாளிக்குப் போன் போட்டுவிட்டார். முந்தின வாரம்தான் பிழையான பெட்டிகள் லாரி நிறையத் திரும்பி வந்திருந்தன. (அவை வேறு ஷிப்டில் அச்சானவை. கோபத்துக்கு ஷிப்ட் கணக்கு தெரியாது.) முதலாளி என்னைக் கூப்பிட்டார். குற்றச்சாட்டுக் கடிதம் பலமாக இருக்க வேண்டும் என்றார்.

பலம் என்றால் எனக்குத் தெரிந்தது வர்ணனைதான். ‘பணி நேரத்தில் தாங்கள் ஆழ்ந்த நித்திரையில் இருந்ததையும், தங்கள் குறட்டை அச்சு இயந்திரங்களின் இரைச்சலை விஞ்சியதையும் நான் நேரில் கண்டேன்’ என்று எழுதினேன். குறட்டையை எப்படிக் காண்பது என்று அப்போது உறைக்கவில்லை. உண்மையில் அந்த மூன்று மணிக்கு நான் மாடியில், கம்பெனி நேரத்தில், கம்பெனிக் காகிதத்தில், பதினெட்டாவது கதையை எழுதிக்கொண்டிருந்தேன்.

3

உள்விசாரணையை சம்பந்தமில்லாத ஒருவர்தான் நடத்த வேண்டும். முதலாளி, வெளியாள் எதற்கு, நீங்களே பார்த்துவிடுங்கள் என்றார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

தலைவலி தாங்காமல் இரண்டு நிமிஷம் சாய்ந்தேன், அப்போது கரண்டே இல்லை என்று லென்ஸ் அக்கா சொன்னார். நான் பார்த்தேனா என்று கேட்டார். பார்த்ததாகச் சாட்சியாக நான் சொன்னேன். விசாரணை அதிகாரியாக நானே அதைக் குறித்துக்கொண்டேன். பணிநீக்கக் கடிதத்தையும் நானே கொடுத்தேன். அவர் வாங்கி, பழக்கதோஷத்தில் பிழை பார்த்தார். ஓர் இடத்தில் ஒற்று விட்டுப்போயிருப்பதை விரலால் காட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

(இதுவும் பொய். இறங்கியது. இறங்கியதுதான் பின்னால் உறுத்தியது.)

4

(இந்த இடத்தில் அவருக்கு நோயாளிக் கணவர் ஒருவரைக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். உங்களுக்குக் கண் கலங்கும். ஆனால் அதுவும் குறட்டை வேலைதான். வேண்டாம்.)

அவர் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தார். எங்களைக் கூப்பிட்டார்கள். அங்கிருந்த அதிகாரி ஒரு அம்மா. கோப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“குற்றம் சாட்டினதும் நீங்க, சாட்சியும் நீங்க, விசாரிச்சதும் நீங்க. தண்டனையையும் நீங்களே அனுபவிச்சிருந்தா வேலை சுலபமா முடிஞ்சிருக்கும்.”

யாரும் சிரிக்கவில்லை. “ஆனா எழுத்து நல்லா இருக்கு” என்றார். என் எழுத்துக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது.

பிறகு, அந்த நேரத்தில் இயந்திரம் ஓடியதா என்று கேட்டார். பக்கத்தில் முதலாளி, ஜெனரேட்டரில் ஓடியது என்று சொல்லச் சொல்லி மேசைக்கடியில் என் காலை மிதித்தார். எதிரில் லென்ஸ் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிழை பார்க்கிற அதே பார்வை.

“ஓடல மேடம். நான் அங்க இல்லவே இல்ல. குறட்டையும் நான் சேர்த்ததுதான்.”

‘அவன் குரலில் ஓர் அசாத்தியத் துணிச்ச—’

(கூடாது. ஜெனரேட்டர் அந்த மாதம் ரிப்பேருக்குப் போயிருந்தது. அனுப்பிய சீட்டில் என் கையெழுத்து இருந்தது. எப்படியும் மாட்டியிருப்பேன். சீட்டு இல்லாவிட்டால் என்ன சொல்லியிருப்பேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.)

முதலாளி வேறு வழியில்லாமல் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை. வேலையை விட்டு அனுப்பவுமில்லை. அதற்குக் கடிதம் எழுத வேறு ஆள் இல்லை.

5

முடிவை இரண்டு விதமாக எழுதினேன். ஒன்றில் லென்ஸ் அக்கா என்னை மன்னித்தார். அவ்வளவு மலிவாகக் கிடைத்ததை நானே நம்பவில்லை. மற்றதில் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டார். அந்த நாலும் என் வசனம், அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை.

நடந்தது இதுதான். திரும்பி வந்த ஐந்தாம் நாள் என் அறைக்கு வந்து, மறுநாளுக்கு விடுப்பு விண்ணப்பம் கேட்டார். நின்றபடியே நிரப்பினார். ஒரு கட்டத்தில் பேனா நின்றது.

“காரணம் கண்டிப்பா எழுதணுமா சார்?”

“இஷ்டம்தான்க்கா. எழுதலன்னாலும் லீவு உண்டு.”

“அப்ப காலியா விடறேன். நீங்க எதையாவது எழுதி நெரப்பிடாதீங்க.”

சிரித்தாரா, சிரிக்காமல் சொன்னாரா என்பதை எழுத இங்கே ஒரு வரி இடம் விட்டிருந்தேன். நான் அப்போது விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆகவே அந்த வரி காலி. உங்களுக்குக் கை துறுதுறுத்தால் நிரப்பிக்கொள்ளுங்கள். ‘நேரில் கண்டேன்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.