எட்டேகால் ரயிலில் பத்தொன்பது பேர்

அந்த ஆள் வந்து இறங்கியதிலிருந்தே டொகியேவுக்குப் பிடிக்கவில்லை. கரசுதானி நிலையத்தில் ஊர்க்காரர்களை விட்டால், மலைமேல் போகும் பழைய கல்பாதையில் நடக்க வருகிறவர்கள்தான் இறங்குவார்கள். இவர் முதுகிலும் பை இருந்தது, பையில் கரடிகளை விரட்டும் மணி தொங்கியது. ஆனால் நடக்க வந்தவர் மலையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கைக்கடிகாரத்தையும் ரயில் நேரப் பலகையையும் மாறிமாறிப் பார்த்து நோட்டில் எழுதுவானேன்?

ஊழியர் யாருமில்லாத நிலையம் அது. பெருக்குவதும் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் டொகியேதான். சம்பளம் கிடையாது, அதிகாரத்துக்கு மட்டும் குறைவில்லை. துடைப்பத்தோடு அந்த ஆளின் காலடி வரை போனாள்.

“காலைல இங்க எத்தனை பேருங்க ஏறுவாங்க?” என்று சிரித்த முகத்தோடு கேட்டார் அவர்.

டொகியே துடைப்பத்தை ஊன்றி நின்றாள். “நிறைய பேருங்க. உக்கார எடமே கிடைக்காது” என்றாள்.

ரயில் கம்பெனி தலை எண்ண ஆள் அனுப்பப் போகிறது, கூட்டம் இல்லையென்றால் பாதையையே மூடிவிடும் என்று குளிர்காலம் முழுக்க இதே பேச்சுதான். மூடினால் பஸ்கூடக் கிடையாது. அவள் கணவர் கிஹாச்சி வாரத்தில் மூன்று நாள் எட்டேகால் ரயிலைப் பிடித்து நகரத்துக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டும். அவருக்குக் கண் மங்கிவிட்டது, அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அந்த ஒற்றைப் பெட்டி ரயிலில்தான் அவர் உயிர் இருந்தது.

சாயங்காலம் விடுதிக்கார ஹிசனோ போன் செய்தாள். “அக்கா, அந்த ஆளு மேப்பை விரிச்சு வெச்சு ஒவ்வொரு ஸ்டேஷனா வட்டம் போடுறாரு!”

“சிவப்புலயா?”

“சிவப்புலதான்.”

“போச்சுடி!”

கிஹாச்சி மட்டும் அசையவில்லை. “யாருன்னு நேராக் கேட்டுட்டா முடிஞ்சு போச்சு.”

“வந்த விருந்தாளிகிட்ட போயி, நீ யாரு, எதுக்கு வந்தேன்னு கேக்கறதா? உங்களுக்கு மூளை கீளை இருக்கா?”

அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்த ஊரில் வந்தவருக்குத் தேநீர் கொடுப்பார்கள், முள்ளங்கி ஊறுகாய் கொடுப்பார்கள், முதுகுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் பேசுவார்கள். முகத்துக்கு நேரே மட்டும் கேட்க மாட்டார்கள். டொகியே கேட்பதற்குப் பதிலாக ஊர் முழுக்கப் போன் செய்தாள்.

மறுநாள் காலை நடைமேடையில் பத்தொன்பது பேர். பக்கத்து வீட்டுக் கெம்பாச்சி சாவு வீட்டுக்குப் போடும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். கோயில் பூசாரியின் மனைவி காலிப் பெட்டி ஒன்றை, கனமாக இருப்பதுபோல் சாய்ந்து சாய்ந்து தூக்கி வந்தாள். அந்த ஆள் பெஞ்சில் உட்கார்ந்து உதடசைய எண்ணினார். எண்ணட்டும், நன்றாக எண்ணட்டும் என்று டொகியே பல்லைக் கடித்தாள்.

டொகியேவும் கிஹாச்சியும் நகரம் வரை போனார்கள். மற்ற பதினேழு பேரும் அடுத்த நிலையத்திலேயே இறங்கி, திரும்பி வர மதியம் வரை ரயில் இல்லாததால் கல்பாதை வழியே மலையேறி வந்தார்கள். பாதி வழியில் எதிரே அந்த ஆளின் கரடிமணிச் சத்தம். கரடி ஓடியதோ இல்லையோ, பதினேழு பேரும் பாய்ந்துபோய்த் தேவதாரு மரங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

“பக்கத்துலயே போனாருக்கா! மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம். எங்களைப் பாக்கவே இல்ல” என்று கெம்பாச்சி பிறகு சொன்னபோது டொகியே வயிறு வலிக்கச் சிரித்தாள்.

இரண்டு நாள் கழித்து, மறுபடி ஆஸ்பத்திரி போகும் காலை. ரயிலுக்குக் காத்திருக்கையில், வருகிறவர்கள் எழுதுவதற்காகக் காத்திருப்பு அறையில் வைத்திருந்த நோட்டைத் தூசி தட்ட எடுத்தாள். கடைசிப் பக்கத்தில் புதிய கையெழுத்து.

“நாங்கள் மலைப்பாதைகளில் நடக்கிற சங்கம். முந்நூறு பேர் இருக்கிறோம். மூடப்படும் ஆபத்தில் உள்ள ஒரு நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, மாதம் இரண்டு முறை ரயிலிலேயே வந்து இறங்குவது என்று முடிவு. கரசுதானியைத்தான் மனதில் வைத்து வந்தேன். இன்று காலை பத்தொன்பது பேர் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். சந்தோஷம். உங்களுக்கு எங்கள் துணை தேவைப்படாது. பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போகிறோம். பெருக்கும் அம்மாவுக்கு வணக்கம். குசகாபே.”

“என்ன போட்டிருக்கு?” என்றார் கிஹாச்சி.

வாசித்துக் காட்டினாள். அவர் ரயில் வரும் திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ரயில் வந்து நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். “இன்னிக்கு ரெண்டே பேரா? மத்தவங்கல்லாம் எங்கேங்க?”

அவள் கணவரைக் கைபிடித்து ஏற்றினாள்.

அன்று மாலை ஹிசனோவின் விடுதிப் பதிவேட்டிலிருந்து குசகாபேயின் முகவரி வாங்கி வந்து கடிதம் எழுத உட்கார்ந்தாள். மழை, குளிர், பூக்கள் என்று பருவத்தை விசாரிக்காமல் அவள் ஆயுளில் ஒரு கடிதமும் தொடங்கியதில்லை. பேனா அங்கேயே நின்றது. பிறகு அதையெல்லாம் விட்டுவிட்டு முதல் வரியிலேயே எழுதினாள்: “அன்றைக்கு ஏறியவர்களில் நாங்கள் இரண்டு பேர்தான் நிஜம். தயவுசெய்து வாருங்கள்.”