ஐம்பது நிமிடக் குரல்

கடலோடு போன அண்ணன் றமேஸுக்காக முப்பத்தோராம் நாள் திருப்பலி ஒப்புக்கொடுத்த மறுநாள் காலை, குருநகர் வீட்டில் லவீனா மடிக்கணினியைத் திறந்தாள். அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை.

மீன்பிடிப் படகுகளில் வைத்திருக்கும் வோக்கிடோக்கிக்குள், குரலைச் சுமந்த அலைக்கு வலுவேற்றி வெளியே அனுப்பும் பெருக்கிதான் அவளுடைய ஆய்வு. பழைய பெருக்கிகள் பற்றரி கொடுப்பதில் பாதிக்கு மேல் சூடாகவே வீணடித்துவிடும். தன்னுடைய மின்சுற்றைச் செய்யுமுன் அவள் கணினியில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வினைத்திறன் எண்பத்தாறு வீதம் என்று வந்தது. போன மாதமென்றால் துள்ளியிருப்பாள். கம்பிச்சுருளில் இழப்பே இல்லை என்று கொடுத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. திருத்தினாள். அறுபத்தெட்டுக்கு இறங்கியது. இரண்டும் அவளுக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன.

அண்ணனின் மனைவி மக்டலீன் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"உது என்ன?"

"பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும் எண்டு பாக்கிறன், மச்சாள்."

"அவரின்ரை வோக்கிடோக்கி செற்றுக்குப் பாத்துச் சொல்லு."

தீவுகளுக்கு மேற்கே எஞ்சின் நின்று, படகுக்குள் தண்ணீர் ஏறியபோது றமேஸ் அந்தச் செற்றில் ஐம்பது நிமிடம் கதைத்தான். அவன் இடம் சொல்லச் சொல்லக் கூட்டாளி டினேஸ் படகைத் திருப்பித் திருப்பி ஓட்டினான். பிறகு பற்றரி தீர்ந்து குரல் நின்றுவிட்டது. டினேஸ் அந்தக் கடலுக்குப் போய்ச் சேர எழுபது நிமிடமாயிற்று. அங்கே ஒன்றும் இல்லை.

அண்ணனின் செற்றுக்கு வினைத்திறன் நாற்பது வீதம். லவீனா கணக்கை ஓடவிட்டாள். பொய் சொல்லலாம் என்று ஒரு நினைப்பு வந்து போனது.

"என்ரை பெருக்கி இருந்திருந்தால் எண்பத்தைஞ்சு நிமிசம் கதைச்சிருக்கலாம்."

"டினேஸ் எழுபதிலை போயிட்டார்."

"ஓம்."

மக்டலீன் திரையைச் சுட்டினாள். "நீ உதை முதலே செய்து முடிச்சிருந்தனியோ?"

"இல்லை மச்சாள். இப்பவும் முடிக்கேல்லை."

"அப்ப முடி."

மாசியில், லவீனாவின் பெருக்கி வைத்த முதல் செற் டினேஸின் படகில் ஏறியது. பற்றரி தீரும்வரை கதைக்கவேண்டும் என்று அவனிடம் சொல்லியிருந்தார்கள். இரண்டு பெண்களும் இறங்குதுறையில் இன்னொரு செற்றோடு இருந்தார்கள்.

"தங்கச்சி, கேக்குதோ?"

"கேக்குது அண்ணை. கதையுங்கோ."

காற்றைப் பற்றி, நண்டு வலையைப் பற்றி, மகளின் பல்லைப் பற்றி அவன் கதைத்தான். கதைக்க ஒன்றுமில்லாமல் போகச் செபமாலை சொல்லத் தொடங்கினான். மக்டலீன் வாய்க்குள் மறுமொழி சொன்னாள். மூன்றாம் பத்து மணிக் காரணிக்கத்தின் நடுவில் குரல் அறுந்தது.

எழுபத்தொன்பது நிமிடம். கணினி சொன்னதைவிட ஆறு குறைவு. லவீனா கொப்பியில் எழுதினாள்.

"எழுபதுக்கு இது காணுமோ?" என்றாள் மக்டலீன்.

"இன்னும் கூட்டலாம்."

"டினேஸ் கரைக்கு வரட்டும். பிறகு போவம்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. படகு கண்ணில் படும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.