வண்டியில் இடமில்லை

ரிடாலின் பாக்கு வெட்டிக்கொண்டே இருந்தாள். தட்டு எப்போதோ நிறைந்துவிட்டது. கூடத்தில் அப்பா பெட்டிக்குள் படுத்திருந்தார். நேற்றிலிருந்து ஷில்லாங்கில் பாதிப் பேர் வந்து அவரைப் பார்த்துவிட்டு, பாக்கை வாயில் அடக்கிக்கொண்டு, டீயும் குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். வந்தவர்களெல்லாம் அழுதார்கள். அவளுக்குத்தான் அழுகை வரவில்லை. கை மட்டும் ஏதாவது வேலை கேட்டது.

தம்பி கிர்மென் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"சர்ச் பசங்க கிட்டார் கொண்டாந்துட்டாங்க. என்னப் பாடச் சொல்றாங்கக்கா."

"பாடேன். சாவு வீட்ல பாடாம வேற எங்க பாடுறது?"

"அந்தப் பாட்டக் கேக்குறாங்க."

கத்தி நின்றது.

பத்து வருஷம் பேய், நெருப்பு, யுத்தம் என்று மேடையில் தொண்டை கிழியக் கத்தியவன் கிர்மென். அதனால் வீட்டில் யாருக்கும் வம்பில்லை. போன வருஷம் என்ன வந்ததோ, டிரம்ஸை மூட்டை கட்டிவிட்டு, ஒற்றைக் கிட்டாரோடு உட்கார்ந்து, வீட்டைப் பற்றியே இங்கிலீஷில் ஒரு ஆல்பம் போட்டான். அதில் ஒரு பாட்டு அப்பாவைப் பற்றியது. பள்ளிக்கூடம் விட்டு மழையில் நிற்கிறான் பையன். அப்பாவின் டாக்ஸி வருகிறது. கை காட்டுகிறான். டாக்ஸி நிற்காமல் போய்விடுகிறது. ஊரே அதைக் கேட்டு உருகியது. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கிர்மெனும் அதன்பின் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"அவர முன்னாடி வச்சுக்கிட்டு எப்டிக்கா பாடுறது?"

"வேற ஏதாவது பாடிட்டு வா. அப்பா அதக் கேட்டதே இல்ல. கேட்டிருந்தா வீட்ட ரெண்டாக்கியிருப்பாரு."

"நல்லாச் சொன்ன போ!" என்றார் ஹெஸ்டோன். அப்பாவோடு ஒரே ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டியவர். டீ கேட்டு உள்ளே வந்திருந்தார். "உங்கப்பன் வண்டில வேற பாட்டே கிடையாதும்மா. ஏறுனவன் தலையெழுத்து. யார் பாட்டுன்னு கேட்டா, என் பையன்ம்பான். யாரப் பத்தின்னு கேட்டா, அந்த நிக்காமப் போன டாக்ஸிக்காரன் நான்தான்னு நெஞ்சத் தட்டுவான்."

கிர்மென் அவரையே பார்த்தான். "வேற என்ன சொன்னாரு?"

"அன்னைக்கு வண்டி ஃபுல்லாம். பின்னாடி நாலு பேரு, முன்னாடி ஒரு புள்ளத்தாச்சி. 'யார இறக்கி விட்டுட்டு இவன ஏத்துறது, நீயே சொல்லு'ம்பான். என்கிட்ட ஏன்டா சொல்ற, போன் போட்டுப் பையன்கிட்ட சொல்லுடான்னேன். வண்டில ஏறுனவன்கிட்டதான் எனக்குப் பேச வருதுன்னுட்டான்."

ரிடாலினுக்கு அப்பாமேல் கோபம் வந்தது. அவர் செத்த பிறகு அவளுக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

கிர்மென் கூடத்துக்குப் போய், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டான். அந்தப் பாட்டைத்தான் எடுத்தான். மழை வரைக்கும் பாடினான். டாக்ஸி வருகிற இடத்தில் குரல் எழும்பவில்லை. விரல்கள் மட்டும் ஓடின.

வெளியே தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்திருந்த டாக்ஸிக்காரர்கள் பாட்டை வாங்கிக்கொண்டார்கள். முதலில் டீயோடு அங்கே போயிருந்த ஹெஸ்டோன், பிறகு எல்லோரும். அப்பாவின் வண்டியில் போய்ப் போய் மனப்பாடமானது. இங்கிலீஷ் பாதி தப்பு. ராகம் தப்பவில்லை.

"என்னடி பாடுறாங்க?" என்று கேட்டுக்கொண்டே அம்மா சமையலறைக்குள் வந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது.

"அப்பாவோட வண்டியப் பத்தி."

அம்மா தலையாட்டினாள். "டீ குடுத்தியா அவங்களுக்கு?"

ரிடாலின் டீத் தட்டை எடுத்துக்கொண்டு தார்ப்பாய்க்கு அடியில் போய் நின்றாள். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பாடிக்கொண்டிருந்தார்கள்.