எந்தக் கையில் ஊசி

டிவி தொடரில் ரேணுகாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தால் எங்கள் வார்டே தலையைத் தூக்கிப் பார்க்கும். போன தடவை இடது கையில் இருந்த ஊசி இந்தத் தடவை வலது கையில் இருக்கும். அதுவும் புறங்கையில், குளுக்கோஸ் ஏற்றுகிற ஊசி. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்து, தலையில் வைத்த பூ கசங்காமல் எழுந்து போய்விடுவாள். எங்களுக்கு நாலு மணி நேரம். திங்கள், புதன், வெள்ளி.

நான் பிச்சமுத்து. முசிறியில் வாழை போடுகிறவன். கிட்னி இரண்டும் போன பிறகு பஸ் ஏறி திருச்சிக்கு வந்து படுத்துவிட்டுப் போகிறேன். பக்கத்துக் கட்டில் ஷரபுன்னிசாவுக்குப் பெரிய கடை வீதிப் பக்கம் வீடு. என் தோட்டத்துப் பழம் எனக்கே ஆகாது என்று சொன்ன அன்று அவர் சிரித்த சிரிப்பில்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது. அந்தத் தொடரில் ஒருவர் தப்பைச் சொன்னால் மற்றவர் ஆமோதித்துக் கை தூக்க வேண்டும், ஊசி இல்லாத கையை. அது எங்கள் விளையாட்டு.

திங்கட்கிழமை ரேணுகா டயாலிசிஸுக்குப் போகாமல் தோழி கல்யாணத்தில் ஆடினாள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"பாத்தீங்களா தங்கச்சி, ஒரு நாள் விட்டா ஒண்ணும் ஆவாது போல. நாமதான் தலையெழுத்தேன்னு வந்து கெடக்கோம்."

அவர் சிரிக்கவுமில்லை, கை தூக்கவுமில்லை. "புதன்கிழமை தம்பி மகளுக்கு காட்டூர்ல நிக்காஹ்ண்ணே," என்றார். நல்ல சேதி என்று கேட்டுக்கொண்டேன்.

புதனன்று அவர் கட்டில் காலி. வெள்ளியன்று சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். முகம் ஊதி, மூச்சு வாங்கி, பேச முடியவில்லை. நர்ஸ் வேணி ஓடிவந்து ஆக்ஸிஜன் வைத்தாள், மிஷினைப் பூட்டினாள். மகள் தஸ்லிமா அழுதுகொண்டே நின்றாள்.

"எவ்வளவோ சொன்னேங்க. டிவியிலயே காட்டிட்டான், ஒரு நாள் விட்டா ஒண்ணும் ஆவாதுன்னு ஒரே பிடிவாதம்."

அது என் பேச்சு, ஒரு எழுத்து மாறவில்லை. ஊசியில் அத்தனை தப்புக் கண்டுபிடித்த எங்களுக்கு, அந்த ஒன்றை மட்டும் தப்பென்று சொல்ல மனம் வரவில்லை.

"டிவி இல்லம்மா, நான்தான் சொன்னேன்," என்றேன்.

தஸ்லிமா என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

தொடர் ஆரம்பிக்கிற நேரத்துக்கு வேணியிடம் டிவியை அணைக்கச் சொன்னேன். அவருடைய மிஷின் ஓடுகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். மூச்சு கொஞ்சம் அடங்கியிருந்தது. கண்ணைத் திறக்காமலே ஷரபுன்னிசா கேட்டார்.

"இன்னிக்கு ரேணுகாவுக்கு எந்தக் கையிலண்ணே குத்துனாங்க?"

அணைந்து கிடந்த டிவியைப் பார்த்தேன். அதில் எங்கள் இரண்டு கட்டிலும் மங்கலாகத் தெரிந்தன.

"வலது கையில," என்றேன். "மறுபடியும் தப்பு பண்ணிட்டாங்க தங்கச்சி."

போர்வைக்கு அடியிலிருந்து அவருடைய ஊசி இல்லாத கை, நாலு விரல் உயரத்துக்கு எழும்பியது.