ஹிக்மெத் பார்க்கக் கூடாது

லோதோஸ் கிளப்பின் வெற்றிக்கு யார் காரணம் என்று இஸ்தான்புல்லின் எந்தத் தேநீர்க்கடையில் கேட்டாலும் கேப்டன் செல்மின் என்பார்கள். அவள் சர்வ் போட வந்து நின்றால் எதிரணிப் பெண்கள், வீட்டுக்காரர் வாடகை கேட்டு வந்ததுபோல ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள். ஆனால் கிளப்புக்கு உள்ளே கேட்டால் பதில் வேறு: சலவை ஹிக்மெத்.

ஹிக்மெத்துக்கு ஐம்பத்தாறு வயது. தொந்தி உண்டு, இரண்டு முழங்காலிலும் வலி உண்டு. ஆயுளில் ஒரு பந்தைக்கூட வலைக்கு அந்தப் பக்கம் அனுப்பியதில்லை. லோதோஸ் வாலிபால் அணிக்கு அவர் செய்த தொண்டு ஒன்றே ஒன்றுதான். ஆட்டத்தைப் பார்க்காமல் இருந்தார்.

மூன்று வருடத்துக்கு முன், செல்மின் கிளப்புக்கு வந்த புதிதில், கோப்பை இறுதியாட்டத்தில் லோதோஸ் இரண்டு செட் முன்னால் இருந்தது. ஹிக்மெத் துவைத்த துண்டுகளைக் கொடுக்க மைதானத்துக்குள் வந்தார். வந்தவர் அப்படியே நின்று பார்த்தார். அடுத்த மூன்று செட்டும் போயிற்று. அடுத்த வாரம் எட்டிப் பார்த்தார். அதுவும் போயிற்று. மறுநாள் காலை செல்மின் சலவை அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஹிக்மெத்தண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா நீங்க பாக்காதீங்க."

"நான் என்னம்மா பண்ணேன்? சும்மாதானே நின்னேன்!"

"சும்மா நின்னதுக்கே ரெண்டு ஆட்டம் போச்சு. கை வேற தட்டியிருந்தா கிளப்பையே இழுத்து மூடியிருப்பாங்க."

அந்த வார இறுதியில் ஹிக்மெத் சலவை அறைக்குள் உட்கார்ந்துகொண்டார். பொழுது போகாமல் மெஷினில் ஒரு நீலத் துண்டைப் போட்டு ஓட விட்டார். அணி மூன்று செட்டும் ஜெயித்தது. அன்றிலிருந்து அதுவே சட்டமாயிற்று. ஆட்ட நேரத்தில் ஹிக்மெத் உள்ளே இருக்க வேண்டும், மெஷின் ஓட வேண்டும், மெஷினுக்குள் அதே நீலத் துண்டு இருக்க வேண்டும். அந்தத் துண்டு இப்போது கொசுவலை மாதிரி ஆகிவிட்டது. அதைத் தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் இருப்பவரை அடையாளம் சொல்லிவிடலாம்.

அணி எப்போதாவது தோற்றால் விசாரணை நடக்கும். ஒவ்வொரு தடவையும் குற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. ஒருநாள் அவர் கைபேசியில் ஸ்கோரைப் பார்த்துவிட்டார். இன்னொரு நாள் வீட்டில் மனைவி தொலைக்காட்சியில் மறுஒளிபரப்பைப் போட்டுவிட்டாள். முடிந்துபோன ஆட்டத்தை அவள் பார்த்ததற்கு, வரப்போகும் ஆட்டம் பழிவாங்கிவிட்டது என்று தீர்ப்பாயிற்று. இத்தாலியிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒத்தாவியோ முதல் வருடம் இதையெல்லாம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டாம் வருடம் சிரிப்பதை நிறுத்தினார். மூன்றாம் வருடம், ஆட்டத்துக்கு முன் அவரே சலவை அறைக்குள் தலையை நீட்டி, "மெஷின் சரியா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

ஆக, செல்மின் ஆடி ஹிக்மெத் பார்த்தவை மொத்தம் இரண்டே ஆட்டங்கள். இரண்டும் தோல்வி. அவளுடைய ஒன்பதாம் எண் சட்டையை ஆயிரம் தடவை துவைத்திருக்கிறார். எந்தத் தோளில் வியர்வை அதிகம், எந்த முழங்கைக்குத் தரையோடு பகை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவள் ஜெயித்து மட்டும் பார்த்ததில்லை.

இந்த ஞாயிறு பிற்பகல் லீக்கின் கடைசி ஆட்டம். ஜெயிப்பவருக்குப் பட்டம். செல்மினுக்கும் இதுவே கடைசி. தோள்பட்டை போதும் என்று சொல்லிவிட்டது.

"ஒரே ஒரு பாயிண்ட்டு, நாஜியே," என்றார் ஹிக்மெத். நாஜியே கிளப்புக்குத் தேநீர் போடுபவள், தரை துடைப்பவள், எல்லாருக்கும் அறிவுரை சொல்பவள். "கதவு இடுக்கு வழியா ஒரே ஒரு பாயிண்ட்டு பாத்துக்கறேனே. யாருக்குத் தெரியப் போவுது?"

நாஜியே அவர் உள்ளங்கையில் எலுமிச்சைக் கொலோன்யா வாசனைத் தண்ணீரைத் தெளித்தாள்.

"பந்துக்குத் தெரியும். நாலாயிரம் பேர் வந்து உக்காந்திருக்காங்க ஹிக்மெத்து. தோத்தா முதல்ல உன்னைத் துவைப்பாங்க, அப்புறம் அந்தத் துண்டைத் துவைப்பாங்க. வாயை மூடிட்டு உள்ள போ."

ஹிக்மெத் உள்ளே போனார்.

சலவை அறைக்கும் மைதானத்துக்கும் நடுவே ஒரு சுவர், ஒரு கதவு. மெஷின் வயதானது. சுற்றும்போது டுங்-டுக்கா-டுங் என்று நடந்துபோகும். அது வெளியேறாமலிருக்க மேலே இரண்டு செங்கல் வைத்திருந்தார்கள். முதல் செட்டுக்கு ஒரு மூடி சோப்புத்தூள் போட்டார். ஜெயித்தார்கள். ராசியைக் கலைக்க வேண்டாமே என்று இரண்டாவது செட்டுக்கும் ஒரு மூடி போட்டார். தோற்றார்கள். தூள் போதவில்லை என்று மூன்றாவதுக்கு ஒன்றரை மூடி. தோல்வி. நாலாவதுக்கு இரண்டு மூடி. ஜெயித்தார்கள்!

ஐந்தாவது செட். பட்டம் தீர்மானமாகப் போகிற செட். ஹிக்மெத் யோசிக்கவே இல்லை. டப்பாவை அப்படியே கவிழ்த்தார்.

ஒரே ஒரு ஓட்டைத் துண்டுக்கு ஒரு டப்பா சோப்புத்தூள். மெஷின் முதலில் விக்கியது. பிறகு தும்மியது. பிறகு அதன் எல்லா இடுக்குகளிலிருந்தும் வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. ஹிக்மெத்தின் காது சுவரில் இருந்தது. வெளியே பன்னிரண்டு பன்னிரண்டு, பதின்மூன்று பன்னிரண்டு, பதின்மூன்று சமம். நுரை முழங்காலுக்கு வந்தபோதுதான் திரும்பிப் பார்த்தார். "ஐயோ!" என்பதற்குள் அது கதவுக்கு அடியில் நுழைந்து மைதானத்துக்குள் போய்விட்டது.

பதினாலு பதின்மூன்று. லோதோஸ் முன்னிலை. இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் பட்டம். செல்மின் சர்வ் போடப் பந்தோடு பின்கோட்டுக்கு வந்தாள். அவள் காலடியில், ஒரு பெரிய பூனை உரசுவதுபோல, நுரை வந்து நின்றது.

நடுவர் விசில் ஊதினார். உள்ளே மெஷின் கடைசியாக ஒரு டுங் அடித்துவிட்டு உயிரை விட்டது.

"ஹிக்மெத்து!" நாஜியேவின் குரல் நாலாயிரம் பேரையும் தாண்டிக் கேட்டது. "துடைப்பத்தை எடுத்துட்டு வாய்யா!"

ஹிக்மெத் கதவுவரை ஓடி அங்கேயே நின்றார். போகாவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். போனால் பார்த்துவிடுவார். கைக்கு அகப்பட்ட சலவைப் பையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார். அது வலைப்பை. அதற்குள் இருந்து உலகமே தெளிவாகத் தெரிந்தது. எனவே பைக்குள்ளே கண்களையும் இறுக மூடிக்கொண்டு, துடைப்பத்தை முன்னால் நீட்டியபடி மைதானத்துக்குள் நுழைந்தார்.

"இடது பக்கம்! இடது பக்கம்யா! அது பந்து பொறுக்கற பொண்ணு, அவளைத் துடைக்காதே! நுரை இந்தப் பக்கம்!" என்று நாஜியே கத்தினாள்.

யாரோ அவரை அடையாளம் கண்டுகொள்ள, கூட்டம் "ஹிக்மெத்! பாக்காதே! ஹிக்மெத்! பாக்காதே!" என்று மேளம் தட்டி முழங்கத் தொடங்கியது.

நடுவர் உயரமான நாற்காலியிலிருந்து குனிந்தார். "யாருய்யா இந்தப் பைத்தலையன்?"

"எங்க சலவைக்காரர் சார்," என்றாள் செல்மின்.

"பை எதுக்கு?"

"அவர் பாத்தா தோத்துடுவோம்."

நடுவரும் இந்த ஊர்க்காரர்தானே. தலையை ஆட்டினார். "அப்படிச் சொல்லும்மா. எங்க மச்சான் ஒருத்தன் இப்படித்தான். சரி, சீக்கிரம் துடைக்கச் சொல்லு."

நாஜியேவும் ஹிக்மெத்தும் தரையை ஒருவழியாகத் துடைத்து முடித்தார்கள். ஹிக்மெத் கதவைத் தேடித் தடவிக்கொண்டிருந்தபோது செல்மின் அருகில் வந்தாள்.

"அண்ணே, மெஷின் சத்தம் எங்க?"

"செத்துப்போச்சும்மா. நான்தான் கொன்னுட்டேன்."

"எனக்கு அந்தச் சத்தம் வேணும்ணே. மூணு வருஷமா அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் டுங்-டுக்கா-டுங்னு கேட்கும். மூணாவது டுங்குக்குத்தான் பந்தைத் தூக்கிப் போடுவேன்."

ஹிக்மெத் துடைப்பத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டார். தாம் மட்டும்தான் இந்தப் பக்கம் உட்கார்ந்து அவளைக் கேட்டுக்கொண்டிருந்ததாக இத்தனை நாள் நினைத்திருந்தார்.

"வாளி இருக்கு. தட்டறேன்," என்றார்.

"இன்னொண்ணு." அவள் குரல் இறங்கியது. "இதான் என் கடைசி சர்வா இருக்கும். பையை எடுத்துட்டுப் பாருங்கண்ணே. நான் சொல்றேன், பரவாயில்ல."

அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று வருடம் காத்திருந்தவர் அவர். கண் இமை ஒருமுறை துடித்தது.

"பதினாலு பதிமூணுல நிக்குது. விளையாடற நேரமா இது?" என்றார். "போய் சர்வைப் போடு."

கதவுக்குள் போய் வாளியைக் கவிழ்த்து, துடைப்பக் கட்டையால் தட்டினார். டுங். டுக்கா. டுங். கண்ணைத் திறந்தால் இடுக்கு வழியாக அவளுடைய முதுகு தெரியும், ஒன்பது தெரியும். திறக்கவில்லை. இன்னும் இறுக்கினார்.

பந்தில் கை படும் சத்தம். பந்து தரையில் படும் சத்தம். நடுவே வேறு எந்தக் கையும் படவில்லை. பிறகு ஆரவாரத்தில் கூரை பிய்த்துக்கொண்டது.

"என்ன ஆச்சு? நாஜியே! என்ன ஆச்சு?"

"ஜெயிச்சாச்சுய்யா!"

"எப்படி? விவரமாச் சொல்லேன்!"

"எப்படின்னா... பந்து போச்சு. விழுந்துச்சு."

மூன்று வருடம் காத்திருந்ததற்கு அவருக்குக் கிடைத்த வர்ணனை அவ்வளவுதான். ஹிக்மெத் பையைக் கழற்றாமலே சற்று நேரம் அழுதார். வலைப்பையில் அது ஒரு வசதி, தண்ணீர் தங்காது.

கோப்பை வாங்கி, படம் எடுத்து, கூட்டம் கலைந்த பிறகு செல்மின் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து மைதானத்தின் நடுவே நாற்காலி போட்டு உட்கார வைத்து, தலையிலிருந்த பையைக் கழற்றினாள். மற்ற பெண்கள் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார்கள். ஒத்தாவியோ எள் தூவிய சிமித் ரொட்டியின் மிச்சப் பாதியைத் தின்றபடி நின்றார்; அந்தப் பாதியை ஆட்டம் முடியும்வரை பெஞ்சில் வைத்திருப்பது அவருடைய ராசி.

"ஆட்டம் முடிஞ்சுது, லீக்கும் முடிஞ்சுது. இனி தோக்க ஒண்ணும் இல்ல," என்றாள் செல்மின். "கண்ணைத் திறங்கண்ணே. அதே சர்வ். உங்களுக்கு மட்டும்."

ஹிக்மெத் முதலில் ஒரு கண்ணைத் திறந்தார். ஆபத்தில்லை என்று தெரிந்து மற்றதையும் திறந்தார். செல்மின் பந்தைத் தூக்கிப் போட்டாள், எழும்பினாள், அடித்தாள்.

வலை.

"கை வழுக்கிடுச்சு, சோப்பு," என்று சொல்லி இன்னொன்று போட்டாள். வலை. மூன்றாவது வலையைத் தாண்டியது, எல்லைக் கோட்டையும் தாண்டியது, எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி வந்து கதவையும் தாண்டிச் சலவை அறைக்குள் போய், செத்துக் கிடந்த மெஷின்மேல் டுங் என்று விழுந்தது.

ஒத்தாவியோ மெதுவாக நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சத் துருக்கி மொழியில் சொன்னார்: "ஹிக்மெத். வெளியே."

பெண்கள் தரையில் உருண்டு சிரித்தார்கள். செல்மின் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "அண்ணே, சத்தியமா வேணும்னு பண்ணலண்ணே!"

ஆனால் ஹிக்மெத் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்கப் பல். கோப்பை வாங்கும்போது கிளப் தலைவர்கூட அப்படி உட்கார்ந்திருக்கவில்லை.

"பாத்தியா நாஜியே!" என்றார். "பாத்தியா! நிஜமாவே நான்தான்!"

பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கலைந்த தலையை வாரிக்கொண்டு, யாரும் சொல்லாமலே சலவை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாளி மீண்டும் ஒலித்தது. டுங். டுக்கா. டுங்.

செல்மின் நாலாவது பந்தை எடுத்தாள்.