தலையணைக்குள் ஏழு அட்டைகள்

அண்ணி தன் வீட்டுத் தலையணையை என் வெட்டுமேஜையில் பொத்தென்று போட்டாள். உறையைப் பிரித்து, உள்ளே திணித்திருந்த துண்டுத்துணிகளைத் துழாவி, காலி மாத்திரை அட்டைகளாக எடுத்து வைத்தாள். மொத்தம் ஏழு.

"படுத்தா காதுக்குள்ள கரக் கரக்குங்குது. உங்க அண்ணன் எலின்னு நெனச்சு கட்டையத் தூக்கிட்டாரு. எல்லாம் உன்னோடதா?"

நாங்கள் இருவரும் ஒரே தையற்கூடம். அவள் சட்டையில் பட்டன் நுழையக் காஜா போடுகிறாள், நான் துணி வெட்டுகிறேன். வெட்டி மிஞ்சுவது மேஜைக்கடியில் ஒரு சாக்கில் விழும். அண்ணி அதைத் தலையணைக்கென்று எடுத்துப்போவாள். யார் கண்ணிலும் படக் கூடாதென்று நான் அட்டைகளை ஒளித்ததும் அதே சாக்கில்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"எப்பவோ போட்டது அண்ணி" என்றேன்.

"இந்தப் பூப்போட்ட துணி போன மாசம் வந்தது. அந்தக் கோடு போட்டது அதுக்கு முந்தின மாசம். ரெண்டே மாசத்துல எழுபது மாத்திரை. என்கிட்டயே கதை விடுறியா?"

துணி விஷயத்தில் அவளிடம் பொய் சொல்ல முடியாது.

பதினான்கு ஆண்டுகளாக ஒற்றைத் தலைவலி. முதலில் இடப்பக்கம் பார்வையில் ஒரு நெளிகோடு மினுங்கும். பிறகு அந்தப் பாதியே மறையும். பிறகு வலி. அட்டைகள் சிக்குவதற்கு முந்தைய மாதம் அப்படி ஒரு நேரத்தில் சமாளித்துக்கொண்டே வெட்டினேன். துணிமேல் வைத்து வெட்டும் மாதிரிக் காகிதத்தைத் திருப்பிப் போட மறந்து, இருபது சட்டைக்கும் இரண்டு கையும் இடக்கையாக வெட்டிவிட்டேன். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீ பட்டன் தைக்கப் போயிடு" என்றார் முதலாளியம்மா. பட்டன் தைப்பது ஒன்றும் குறைச்சலான வேலை இல்லை. ஆனாலும் கத்தரிக்கோல் கையைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தேன். அதற்காகவே இன்னும் அதிகமாக விழுங்கினேன்.

தலைவலிக்கு நான் காட்டும் டாக்டரம்மாவிடம் அடுத்த முறை போனபோது அண்ணியும் வந்தாள். அட்டைகளை நானே எடுத்து வைத்தேன். தலைவலி வரும் நாளையெல்லாம் எழுதச் சொல்லி அவர் தந்த நோட்டையும்.

"இதுல மாசம் நாலு நாள்தானே இருக்கு?"

"அது படுத்த நாள் டாக்டர்."

"படுக்காத நாள்?"

"அது... சமாளிச்ச நாள்."

அவர் திட்டவில்லை. "நீங்க எழுதினதை நம்பித்தான் நான் மருந்து கொடுத்தேன். இப்ப இந்த மாத்திரையே உங்களுக்குத் தலைவலியைக் கொண்டுவருது. இதை நிறுத்தணும். முதல் ரெண்டு வாரம் கஷ்டமா இருக்கும். வராம தடுக்க வேற ஒண்ணு தினமும் போடுங்க, அது வேலை செய்ய ரெண்டு மாசம் ஆகலாம். வந்தா போட ஒண்ணு தர்றேன், வாரத்துக்கு ரெண்டு நாளுக்கு மேல கூடாது. ஆரம்பிச்ச உடனே போட்டுட்டுப் படுத்துடணும். நின்னு சமாளிக்கக் கூடாது."

அந்த இரண்டு வாரத்தைச் சொல்லி மாளாது. வேறு காரணம் சொல்லி விடுப்பு எடுத்துக்கொண்டு, சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, வாய்விட்டு அழுதேன். அண்ணி வந்து தண்ணீரை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போவாள். இப்போது மூன்றாவது மாதம். நோட்டில் சமாளித்த நாளையும் சேர்த்தே எழுதுகிறேன். போன மாதம் மொத்தமே ஆறு நாள்.

இன்று மதியத்துக்குச் சற்று முன், நீலத்துணியில் பாதி வெட்டியிருந்தபோது நெளிகோடு வந்தது. கை தானாக அடுத்த வெட்டுக்குப் போனது. நிறுத்தினேன். விட்ட இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டு, கத்தரிக்கோலை அதன்மேல் வைத்துவிட்டு முதலாளியம்மாவிடம் போனேன்.

"எனக்குத் தலைவலி வருதும்மா. ரெண்டு மணி நேரம் வெட்ட மாட்டேன். வெட்டினா தப்பாப் போயிடும்."

பதினான்கு ஆண்டில் முதல்முறையாகச் சொல்கிறேன். அவர் என்னைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார்.

மாத்திரையைப் போட்டுக்கொண்டு, துணிக்கட்டுகள் அடுக்கிய அறையில் சாய்ந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. "அந்த மிச்சத்தை நான் வெட்டட்டுமாம்மா?" என்று பட்டன் தைக்கிற பெண் கேட்டாள்.

"வேணாம். அவ வந்து வெட்டுவா."

இடப்பக்கம் எதுவும் தெரியவில்லை. மிச்சமிருந்த பாதிப் பார்வையில், முதலாளியம்மா என் கத்தரிக்கோலை எடுத்துத் துடைத்து, சுவரில் நான் வழக்கமாக மாட்டும் ஆணியிலேயே மாட்டுவது தெரிந்தது.