ஆள் நிற்கும்போது பேசாத ஸ்டிக்கர்

"பெரியம்மா, இன்னும் ரெண்டடி தள்ளி நில்லுங்க. உங்க ஏப்ரன் ஈரம் சிக்னலக் குடிச்சிடுது."

"ரெண்டு வாரமா தள்ளித்தான நிக்கிறோம்? இதுக்கு மேல தள்ளினா கடல்லதான் போய் நிக்கணும்" என்றாள் ஓக்நாம். ஐஸ் அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். சோதனை நடத்த வந்திருந்த இன்ஜினியர் ஜின்மோ சிரிக்கவில்லை. அவன் மடிக்கணினித் திரையில் வெப்பநிலை வரவேண்டிய கட்டங்கள் காலியாகக் கிடந்தன.

மல்சூனும் சிரிக்கவில்லை. கம்சொன் துறைமுகத்தில் மீன் தரம் பிரிக்க வந்து அவளுக்கு முப்பத்தோரு வருஷம். இந்த மேசையின் ஆறு பெண்களுக்கும் அவள்தான் தலை. போன மாதம் தலைநகர் சியோலுக்குப் போன கானாங்கெளுத்தி போய்ச் சேர்வதற்குள் குழைந்துவிட்டது. பொம்பளைகள் மீனை மேசையில் போட்டுவைத்துக் கதை பேசியதால்தான் என்று மீனவர் சங்கத்து மேனேஜர் குவாக் எழுதிவிட்டான். படகிலிருந்து மேசைக்கு மீன் கொண்டுவரும் லாரிக்காரன் குளிர்பெட்டியை அணைத்துவிட்டுப் படகுத்துறையில் ஒரு மணி நேரம் நிற்கிறான் என்று இவள் சொன்னதற்குச் சாட்சி இல்லை. அடுத்த மாதம் மேசை ஒப்பந்தக் கம்பெனிக்குப் போகிறது. அதைத் தடுக்க இருந்த ஒரே வழி இந்த ஸ்டிக்கர். படகிலேயே பெட்டிக்குள் ஒட்டிவிடுவார்கள். பெட்டி மேசைக்கு வந்த நொடியில், கை படுவதற்கு முன், மீன் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று அது சொல்லிவிடும். இன்று சோதனையின் கடைசி நாள். பத்து மணிக்குக் குவாக் பார்க்க வருகிறான்.

முதல் நாளே அவள் ஒரு ஸ்டிக்கரைப் பிரித்துப் பார்த்திருந்தாள். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சில்லு, மயிரிழை மாதிரி செம்புக் கோடு. பேட்டரி இல்லை. பேட்டரி இல்லாத சாமான் எப்படிப் பேசும் என்பது அன்றிலிருந்து அவள் மண்டையைக் குடைந்தது. மீனைக் கையில் எடுத்துக்கொண்டே அதைத்தான் யோசித்தாள்.

"தம்பி, மறுபடி ஒரு தடவ சொல்லு. அது பேசாதுன்னா நம்பர் எப்படி வருது?"

"மேல தொங்குற பெட்டி அலை அனுப்புது. ஸ்டிக்கர் அந்த அலையத்தான் திருப்பி அடிக்குது. வெயில்ல கண்ணாடியத் திருப்பித் திருப்பிக் காட்டுற மாதிரி. சொந்தமா கத்துறதுக்கு அதுக்குத் தெம்பு கிடையாது."

"மேல இருக்கறவன் போடுற சத்தத்துல இது கேக்குமா?"

"அதான் சிக்கலே. பெட்டியோட சத்தம் பெட்டி காதையே அடைச்சிடும். அதனால ஸ்டிக்கர நொடிக்கு நாப்பதாயிரம் தடவ மினுக்க வெச்சோம். பதில் கொஞ்சம் தள்ளிப் போய் விழும். நாங்க அந்த இடத்துல மட்டும் காது குடுப்போம்." அவன் கண்ணைக் கசக்கினான். "சாயங்காலம் நீங்க போனப்புறம் நூத்துக்கு நூறு வருது. நீங்க வந்தா ஒண்ணும் வரல. நான் என்ன பண்ணட்டும்?"

"எங்க மூஞ்சி அதுக்குப் பிடிக்கல போல" என்றாள் ஓக்நாம்.

மல்சூனுக்கு அங்கேதான் பொறி தட்டியது. ஆள் வந்தால் வருவது ஆள் மட்டுமா? அவள் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தாள். ரேடியோவை முதல் வாரமே நிறுத்தியாயிற்று. காப்பிக்குச் சுடுதண்ணீர் போடும் கெட்டிலை வெளியே வைத்தாயிற்று. கைபேசிகள் பெட்டியில் கிடக்கின்றன.

"தம்பி, அதே வேகத்துல மினுக்குறது வேற என்ன இருக்கு?"

"எலக்ட்ரானிக் சோக் போட்ட டியூப்லைட் மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா அலையத் திருப்பி அடிக்கும். இங்க அது இல்லையே. கட்டட வரைபடத்துல எல்லாமே எல்இடி."

அவள் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் சங்கம் எல்இடி போட்டது. அந்த வெளிச்சத்தில் மூன்று நாள் மீனும் இப்போது பிடித்த மீன் மாதிரிப் பளபளத்தது. கெட்ட மீனின் கண் பால் மாதிரி மங்கியிருப்பது தெரியவில்லை. மூன்று முறை சொல்லிப் பார்த்தாள், யாரும் கேட்கவில்லை. மூடிப்போன பக்கத்துக் கொட்டகையிலிருந்து இரண்டு டியூப்லைட்டைக் கழற்றிவந்து, அதே போன்ற வெள்ளை உறைக்குள் போட்டு, மேசைக்கு நேர் மேலே தொங்கவிட்டது அவள்தான். வரும்போது போடுவாள், போகும்போது அணைப்பாள். தண்ணீர் தெறிக்கும் மேசைக்கு மேல் அனுமதி இல்லாத கரண்ட். வெளியே தெரிந்தால் மேசையைப் பறிக்கக் குவாக்குக்கு வேறு காரணமே தேவையில்லை. அதை அணைத்தால், எல்இடி வெளிச்சத்தில் அவள் கண் குருட்டுக் கண்.

தூணுக்குப் பின்னால் போய் சுவிட்சைத் தட்டினாள்.

"எவடி அணைச்சது? மீன் தெரியல!" என்று ஓக்நாம் கத்தினாள்.

ஜின்மோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். திரையில் கட்டங்கள் நிறைந்துகொண்டே போயின. அவன் திரையைப் பார்த்தான், தலைக்கு மேல் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"பெரியம்மா... ரெண்டு வாரமா நான் உங்க ஏப்ரனத் திட்டிட்டிருந்தேன்."

"நான் உன் படிப்பத் திட்டிட்டிருந்தேன். சரியாப் போச்சு."

"பத்து நாள் கிடைச்சா மினுக்குற வேகத்த மாத்திடுவேன். வெளக்கும் எரியும், இதுவும் பேசும்."

"பத்து நாள் எங்கடா இருக்கு? அவன் பத்து மணிக்கு வரான்."

"ரிப்போர்ட்ல விளக்கப் பத்தி எழுதித்தான் ஆகணும்."

"எழுது. மொதல்ல அது பேசட்டும்."

குவாக் நேரத்துக்கே வந்தான். பின்னாலேயே லாரியும் வந்தது. தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் ஆவி தவழ, முதல் பெட்டியை மேசையில் இறக்கினார்கள். ஜின்மோ சொல்லாமலே ஆறு பேரும் பின்னுக்கு நகர்ந்து, யார் கையும் மீனில் படவில்லை என்று தெரியும்படி ரப்பர் கையுறைக் கைகளை மார்புக்கு மேலே தூக்கிக்கொண்டார்கள். பெட்டிக்குள் கானாங்கெளுத்தி வரிசையாகக் கிடந்தது. ஒவ்வொன்றும் வெள்ளி மாதிரி மின்னியது. நல்லதா கெட்டதா என்று மல்சூனால் சொல்ல முடியவில்லை.

திரையில் எண் விழுந்தது. பதினொன்று புள்ளி இரண்டு டிகிரி. லாரியின் குளிர்பெட்டி ஓடியிருந்தால் நான்கைத் தாண்டியிருக்கக் கூடாது.

குவாக் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து லாரியின் பக்கம் ஒரு தரம் பார்த்தான்.

"ஒரு பெட்டிய வெச்சு எப்படிச் சொல்றது? இன்னொண்ணு இறக்குங்க."

இரண்டாவது பெட்டி வந்தது. ஆறு ஜோடிக் கைகள் அப்படியே மேலே நின்றன. முழங்கை வழியாக ஐஸ் தண்ணீர் ஏப்ரனுக்குள் இறங்கியது. யாரும் துடைக்கவில்லை.